விரலி

நசியனூர் ரோட்டில், டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ராத்திரி பதினொன்றேகால்.
திரையே இல்லாமல் ஓர் உலாவி திறக்கிறது.
அதற்குள் ஒரு சுட்டி பிறக்கிறது,
இடது மேல் மூலையில், சுழியம் கமா சுழியத்தில்.
உள்ளங்கைச் சூடு அதற்குத் தெரியாது.

நான் எழுதியபடி நடக்கும்:
போ. நில். அழுத்து. விடு.
போ என்றால் அது போவதில்லை என்பதை
மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன்.
இங்கே இருந்தது, இப்போது அங்கே இருக்கிறது.
நடுவிலுள்ள நானூறு புள்ளிகளில்
ஒன்றின் மீதும் அதன் கால் படவில்லை.
மேலே வந்து நின்றால்தான் விரியும் பட்டியல்
வராத ஒறம்பரைக்குக் கதவைத் திறக்குமா?
விரியவில்லை. சிவப்பு.

ஆகவே வழியையும் எழுதினேன்.
இருபத்தைந்து அடியாக நட.
'மஞ்சள்' மேல் கொஞ்சம் நில்.
விரலி, கிழங்கு, பனங்காளி என்று கீழே இறங்கும்.
குறுக்கே போனால் மூடிக்கொள்ளும்,
நேரே இறங்கி விரலியைத் தொடு.
தொட்டது. பச்சை.
விரலில்லாத ஒன்று விரலியைத் தொட்டதென்று
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
பக்கத்து நாற்காலியில் மகுடபதியின் ஹெல்மெட் மட்டும்.

எண்பத்திரண்டு சோதனை, எண்பத்திரண்டும் பச்சை.
வெள்ளிக்கிழமை தளம் ஏலத்துக்குப் போனது.
பன்னிரண்டரைக்கு போன்:
"ஏனுங்க, ஒரே லாட்டுக்கு நான் ரெண்டு வாட்டி கேட்டிருக்கறனாமா.
என்ற வெலைய நானே ஏத்தியுட்டிருக்கறனுங்."

கருமாண்டிசெல்லிபாளையம், வாங்கிலியப்பன் ட்ரேடர்ஸ்.
மகுடபதி வண்டி ஓட்டினான்.
குடோனுக்குள் வெயில் விழுந்த இடத்தில் தூசி நின்றது.
மூன்று தும்மல் எனக்கு, அவனுக்கு ஐந்து.
மேஜைமேல் ஒரு மவுஸ், வெள்ளையாகத்தான் வாங்கியிருப்பார்.
இடது பொத்தான் முழுக்க மஞ்சள்.
வலது பொத்தான் வாங்கின நாளில் இருந்தபடி.

"எப்படிக் கேட்டீங்க, காட்டுங்க."
கையை வைத்தார். சுட்டி குறியைத் தாண்டி ஓடியது,
திரும்பியது, இன்னொரு பக்கம் தாண்டியது.
மேஜை முடிந்ததும் மவுஸைத் தூக்கிப்
பழைய இடத்தில் வைத்து
மிச்சத் தூரத்தை அங்கிருந்து கடந்தார்.
பிறகு ஒரு தட்டு.
திரையை ஏறிட்டுப் பார்த்தார்.
இன்னொரு தட்டு.

"ரெண்டு எதுக்குங்க?"
"ஒண்ணு தட்டுனா அதுக்குக் கேட்டுச்சா இல்லியான்னு
நமக்கெப்பிடீங்க தெரியும்?"
சொல்லிக்கொண்டே தட்டத்திலிருந்து
ஒரு விரலியை எடுத்து ஒடித்தார். டக்.
"இது சொல்லுது பாருங்க, காஞ்சிருச்சுன்னு.
உங்குளுது ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்குது அம்மிணி."

மகுடபதி அதைக் குறித்துக்கொண்டான்.
நான் இரண்டு தட்டுக்கும் இடையிலிருந்ததை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முக்கால் விநாடி.
இரட்டைச் சொடுக்கு என்று எந்த இயந்திரமும் ஒப்பாது.
தனித்தனிச் சொடுக்கு, தனித்தனி விலை.

எண்பத்து மூன்றாவது சோதனையை அன்று ராத்திரி எழுதினேன்.
குறியைத் தாண்டிப் போ. திரும்பி வா.
அழுத்து. விடு.
எழுநூற்றைம்பது மில்லிவிநாடி சந்தேகப்படு.
அப்படியொரு கட்டளை இல்லை,
காத்திரு என்பதுதான் இருக்கிறது. அதைப் போட்டேன்.
மறுபடி அழுத்து. விடு.
எத்தனை விலை பதிவானது, எண்ணிச் சொல்.
சோதனைக்குப் பெயர் கேட்டது. வாங்கிலியப்பன்.

ஓடியது.
இரண்டு. சிவப்பு.
சிவப்பைப் பார்த்து இத்தனை சந்தோஷம் கூடாது.

தட்டியதும் பொத்தான் என்ன செய்யணும், என்கிறான் மகுடபதி.
மங்கணுமா, சுத்தணுமா,
'கேட்டாச்சு'ன்னு எழுதிக் காட்டணுமா?
பைக்குள் தேடினேன். வரும்போது
அவர் கையில் திணித்த விரலி ஒன்று கிடந்தது.
"இப்படி," என்று ஒடித்தேன்.
ஈரம் போகாத காய்.
வளைந்தது.